மூன்று ரோட்டுப் பாயசம்

கள்ளக்குறிச்சி மாவட்ட வரைபடத்தில் மேற்கு ஓரமாகப் பச்சை அடர்ந்து கிடக்கிற இடத்தில் விரலை வையுங்கள். அதுதான் கல்வராயன்மலை. அதற்குத் தலைமை ஊர் வெள்ளிமலை. இங்கிருந்து மூன்று ரோடு பிரிந்து மூன்று பக்கமும் இறங்குகிறது. கிழக்கே கரியாலூர் வழியாக வளைந்து வளைந்து இறங்கினால் கச்சிராயபாளையம். அங்கே ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை. வடக்கே சேராப்பட்டுப் பக்கமாக இறங்கி மூங்கில்துறைப்பட்டு போய்ச் சேர்ந்தால் அங்கேயும் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை. தென்மேற்கே கருமந்துறையைத் தாண்டி சேலம் மாவட்டத்துக்குள் இறங்கினாலோ, ஜவ்வரிசி ஆலைகள். இரண்டு ரோட்டின் அடியில் சர்க்கரை, மூன்றாவது ரோட்டின் அடியில் ஜவ்வரிசி! கொஞ்சம் தள்ளிப் போனால் முந்திரிக்குப் பண்ருட்டி வேறு இருக்கிறது. பாயசம் கிண்டுவதற்கென்றே ஆண்டவன் இந்த மலையை நட்டுவைத்தானோ என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம்.

ஆனால் இந்த ஊரில் யாரும் நிற்பதில்லை என்பதுதான் வேடிக்கை. சனி ஞாயிறானால் கார்கள் வரும். ரோட்டோரத்திலேயே கொட்டுகிற பெரியார் நீர்வீழ்ச்சியில் தலையை நனைப்பார்கள். கால் வலிக்காதவர்கள் மேகம் அருவி வரைக்கும் நடப்பார்கள். கரியாலூரில் படகு மிதிப்பார்கள். வெள்ளிமலையில் இறங்கி, "இவ்வளவுதானா?" என்று பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அட, நாடகமே இங்கேதானே நடக்கிறது! அருவியெல்லாம் வெறும் திரைச்சீலை. வாருங்கள், பின்பக்கமாக நுழைவோம். மேக்கப் போடுகிற நேரத்தில் பார்த்தால்தான் சுவாரசியம்.

விடிவதற்கு முன் வரவேண்டும். நைட் ஆல்ட் வண்டி நிற்கிற இடம்தான் முதல் காட்சி. கீழேயிருந்து ராத்திரி கடைசியாக ஏறி வந்த அரசுப் பேருந்து, மறுநாள் முதல் நடைக்காக இங்கேயே தங்கிவிடுகிறது. ஓட்டுநரும் நடத்துநரும் அதற்குள்ளேயே படுத்து எழுந்திருக்கிறார்கள். மூன்று பேர் உட்காருகிற சீட்டில் ஒரு ஆள் எப்படிக் காலை மடக்கிப் படுப்பது என்பது தனி யோகாசனம். மார்கழி, தை மாதத்தில் கம்பளிக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் இன்னொரு துண்டு, தலையில் குரங்குக் குல்லா. இரண்டு பேரில் யார் யார் என்று மூக்கை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். எழுந்ததும் முதல் வேலை கண்ணாடி. உள்ளே மூச்சு, வெளியே பனி. பழைய தினசரியைக் கசக்கி, துளி ஷாம்பு தடவி, முன்கண்ணாடியை வட்ட வட்டமாகத் துடைக்கிறார் ஓட்டுநர். ஷாம்பு எதற்கு என்றால், மறுபடி ஆவி படியாதாம். ஒரு ரூபாய் பாக்கெட்டில் அடங்கிய விஞ்ஞானம்!

அதற்குள் ஆட்கள் சேர்ந்துவிடுகிறார்கள். சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே கவரோடு ஒரு குடும்பம். கோர்ட்டு வாய்தாவுக்கு வெள்ளைச் சட்டையில் இரண்டு பேர். கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், ஆளுக்கொரு காதில் ஒயர். இவர்களோடு டிக்கெட் வாங்கக் கூடியவையும் வாங்கக் கூடாதவையுமாக இன்னொரு கூட்டம்: பலாப்பழம், புளி மூட்டை, காலைக் கட்டிய நாட்டுக்கோழி. லக்கேஜ் பேச்சுவார்த்தைதான் இந்த நாடகத்தின் முதல் வசனம்.

"ஆயா, பழத்துக்கு லக்கேஜ் போடணும்."

"ஏஞ் சாமி, அது என்ன எந்திரிச்சி சீட்டுலயா குந்தப்போவுது? காலடியிலதான கெடக்கப்போவுது!"

"செக்கிங் வந்தா என்னைத்தான ஆயா கேப்பான்?"

"வந்தா ரெண்டு சொளை குடு, போயிடுவான்."

லக்கேஜ் போட்டாரா இல்லையா என்று நான் சொல்லமாட்டேன். பேருந்து முழுக்கப் பலாப்பழ வாசனை மணந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த நடத்துநர் வெறும் நடத்துநர் இல்லை என்பது பகல் ஏற ஏறத்தான் தெரியும். அவர் கைப்பையின் பக்கவாட்டு அறையில் ஒரு மருந்துச் சீட்டு இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் மாத்திரை வாங்கி மாலை நடையில் கொடுக்கவேண்டும். திரை உடைந்த செல்போன் ஒன்று, ரிப்பேர் கடைக்கு. கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டதா என்று பிரஸ்ஸில் கேட்டு வரவேண்டும். ஒரு ஜோடி செருப்பு, சைஸ் மாற்ற. கீழேயிருந்து ஏறும்போது பூக்கட்டு, தினசரிக் கட்டு, கோழிக்குஞ்சுப் பெட்டி. கூரியர் கம்பெனிகள் பின்கோடு பார்த்து யோசிக்கிற இடங்களுக்கெல்லாம் இந்த ஆள் விசிலடித்துக்கொண்டே பட்டுவாடா செய்துவிடுகிறார். எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. எந்தப் பை எந்த வளைவில் இறங்கவேண்டும் என்பது மனப்பாடம். ரோட்டோரம் யாரும் நிற்காவிட்டாலும் கவலையில்லை. வேப்பமரத்துக் கிளையில் மாட்டிவிட்டு, டபுள் விசில்!

மலை இறக்கத்தில் ஓட்டுநரின் பின்சீட்டில் உட்கார இடம் கிடைத்தால் விடாதீர்கள். மலை ஓட்டுநர்களுக்கு ஒரே ஒரு வேதம்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு. பிரேக்கை நம்பி இறங்கினவன் பாதி மலையிலேயே கருகின வாசனை பிடிப்பான். வளைவுக்கு முன்னால் ஆரன், பதில் ஆரன் வருகிறதா என்று ஒரு நொடி காது, பிறகுதான் திருப்பு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடவேண்டும். நடுவில் நின்றுவிட்டால் மறுபடி மூட்டையோடு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஏறுகிறவனுக்குத்தான் தெரியும். இரண்டு பேருந்து எதிரெதிரே வந்து, ஒன்று பின்னுக்குப் போய் ஒதுங்கி, உரசாமல் தாண்டும்போது இரண்டு ஓட்டுநர்களும் ஜன்னல் வழியாக நாலு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள். "மேல மரம் விழுந்துருக்கா?" "வெட்டிட்டாங்க." முடிந்தது. அந்த நாலு வார்த்தைக்குள் அன்றைய வானிலை, சாலை நிலவரம், செக்கிங் நிலவரம் எல்லாம் அடக்கம்.

அடிவாரத்தில் கோமுகி அணை. 46 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கும். மேலே மழை பெய்தால் இங்கே நீர்மட்டம் எகிறும். அந்தத் தண்ணீர்தான் கச்சிராயபாளையம் பக்கத்துக் கரும்பு. கொஞ்சம் வடக்கே மணிமுக்தா அணை, 36 அடி. இரண்டு ஆறும் இந்த மலையில் பிறந்து கடைசியில் வெள்ளாற்றோடு கலந்துவிடுகின்றன. ஆக, முதல் பத்தியில் சொன்ன சர்க்கரைக்கும் மூலம் மேலேதான். மழையை மலை வாங்குகிறது, இனிப்பைச் சமவெளி எடுத்துக்கொள்கிறது.

சரி, திரும்ப மேலே போவோம். பத்து மணிக்குமேல் வெள்ளிமலையில் மேடை மாறுகிறது. இப்போது கதாநாயகன் ஜெராக்ஸ் கடைக்காரர்.

சிரிக்காதீர்கள். 2019 நவம்பர் 26ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தமிழ்நாட்டின் 34ஆவது மாவட்டமானது. கல்வராயன்மலைக்குத் தனித் தாலுகா கிடைத்தது, தலைமையிடம் வெள்ளிமலை. அதற்கு முன்னால் பட்டா, சான்று என்று எதற்கும் மலையை விட்டு இறங்கவேண்டியிருந்தது. மாவட்ட ஆபீஸ் என்றால் விழுப்புரம் வரைக்கும்! இப்போது பதினைந்து ஊராட்சிக்காரர்களும் இங்கேயே வருகிறார்கள். வந்தால்? ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பள்ளிச் சான்று நகல், அப்பாவுடையது, அப்பாவின் அப்பாவுடையது. கல்விக்கும் வேலைக்கும் இங்கே உயிர்நாடி பழங்குடிச் சாதிச் சான்று. அதற்காகச் சுற்றாத வீடு குறைவு. எனவே ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஊரின் மூன்று தலைமுறை வம்சாவளி அத்துப்படி. கல்யாணத் தரகர்கள் அவரிடம்தான் விசாரிக்கவேண்டும். கரண்ட் போனால் அவர் கடை வாசலில் நிற்கிற கூட்டத்துக்கு முகம் தொங்கும். கரண்ட் வந்ததும், "சர்வர் டவுன்." அப்புறம் மதியச் சாப்பாடு. பக்கத்தில் ஏகலைவா உறைவிடப் பள்ளியிலிருந்து மணிச் சத்தம் கேட்கும். அங்கே படிக்கிற பிள்ளைகள் பெரியவர்களானதும் இந்த வரிசையில் நிற்காமல், அந்தப்பக்கம் மேஜைக்குப் பின்னால் உட்காரவேண்டும் என்பது வரிசையில் நிற்கிற அத்தனை பேரின் ஆசை.

இவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து சாமியைச் சுமந்துகொண்டு வந்தோம், அண்ணன் தம்பி மூன்று பேர் ஆளுக்கொரு மலைக்குப் பிரிந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கல்வராயன், கொல்லி, பச்சை, சேர்வராயன் என்று கிழக்குத்தொடர்ச்சி மலையின் பல முகடுகளில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எந்த மலைக்குப் போனாலும் மூத்த அண்ணன் வந்தது எங்கள் மலைக்குத்தான் என்பார்கள், அது வேறு விஷயம்.

ஜெராக்ஸ் கடை வாசலிலேயே ஒரு கிழவரைப் பிடித்து உட்காரவைத்தால், மேடைக்குப் பின்னால் இன்னொரு மேடை திறக்கும். அவர் சொல்வதில் பாதியை நம்பமுடியாது, ஆனால் நீதிமன்றம்வரை பதிவாகிவிட்டது. நாடு சுதந்திரமடைந்து ஏறத்தாழ முப்பது வருஷம் இந்த மலையில் ஜாகிர் ஆட்சி இருந்தது! சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற ஜாகிர்தார்களின் கையில் மலை. கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்று பேச்சு. வரி அவர்களுக்கு, கூலியில்லாத உழைப்பும் அவர்களுக்கு. கீழே 1967இல் ஆட்சி மாறுகிறது, எம்.ஜி.ஆர். கட்சி தொடங்குகிறார், எல்லாம் நடக்கிறது. மேலே இன்னும் ஜாகிர். 1976இல்தான், நெருக்கடிநிலைக் காலத்தில், அரசு மலையை எடுத்துக்கொண்டது. எங்கள் ஜெராக்ஸ் வரிசையில் நிற்கிற பெரியவர்களில் பலர் ஜாகிருக்குக் குடிகளாகப் பிறந்தவர்கள். அவர்களிடம் அப்பாவின் அப்பாவுடைய சான்று கேட்டால் எங்கே போவார்கள்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு கல்வராயன்மலையின் பெயர் தினமும் செய்தியில் அடிபட்டது, காய்ச்சுகிற மலை என்று. சென்னை உயர்நீதிமன்றம் மலை மக்களின் நிலை பற்றித் தானாகவே முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது. ஜாகிர் சங்கதியெல்லாம் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. ரோடு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, வேலை இல்லை என்ற பட்டியல் வெளியே வந்தது. வெள்ளிமலையிலிருந்து சின்னத் திருப்பதி போகிற ரோட்டைப் பற்றி நீதிபதிகளே பேசினார்கள். டீக்கடையில் இதை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? "நம்ம ரோடு அய்கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு. இன்னும் சின்னத் திருப்பதிதான் போய்ச் சேரணும்."

அதனால்தான் இந்த மலையில் எந்தக் கதையை எடுத்தாலும் ரோட்டுக் கதையாக முடிகிறது. எந்த வருஷம் எந்த ஊருக்கு ஜல்லி வந்தது என்பதை வைத்தே பிள்ளைகளின் வயதைச் சொல்லுவார்கள். "தார் போட்ட வருசம் பொறந்தவன்." வந்த ரோட்டை இவர்கள் உபயோகிக்கிற விதம்தான் அழகு. தார் ரோடு ஒருபக்கம் போக்குவரத்துக்கு, மறுபக்கம் களம்! சாமை, கேழ்வரகு அறுத்த நாட்களில் கதிரை நடுரோட்டில் பரப்பிவிடுகிறார்கள். தாலுகா ஜீப், ஆவின் வண்டி, பள்ளி வேன் எல்லாம் ஏறி ஏறிப் போரடித்துக் கொடுக்கின்றன. மாடு கட்டிப் போரடித்த காலம் போய், தாசில்தாரைக் கட்டிப் போரடிக்கிற காலம். பைக் ஓட்டுகிறவர்கள் ஜாக்கிரதை, சாமைத் தாள் வழுக்கும். ஒதுங்கிப் போகலாம் என்று பார்த்தால், ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற அக்கா, "நடுவால போங்கண்ணா, நல்லா மிதிச்சிட்டுப் போங்க!" என்று கை காட்டுவார்.

கடுக்காயும் இப்படித்தான் ரோட்டோரம் உலரும். கல்வராயன்மலைக் கடுக்காய்க்கு நாட்டுமருந்துக் கடைகளில் நல்ல பேர். தோல் பதனிடுவதற்கும் வேண்டும், வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய சரக்குகளில் இதுவும் ஒன்று. வாயில் போட்டால் நாக்கு மரத்துப்போகும். தொட்டுப் பார்க்கிறேன் என்று ஒன்றைக் கடித்துவிடாதீர்கள். அப்புறம் குடிக்கிற டீயின் ருசியே தெரியாது. தேன், நெல்லி, மிளகு, புளி, பலா என்று சீசனுக்குச் சீசன் இந்த மூன்று ரோட்டு முனையில் சரக்கு மாறிக்கொண்டேயிருக்கும். கருமந்துறைப் பக்கம் அரசின் பழப்பண்ணை வேறு இருக்கிறது, ஆயிரம் ஏக்கருக்கு மேல். ஒட்டுமாங்கன்று வாங்க வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

ஆனால் நட்சத்திரம் இவை எதுவும் இல்லை. நட்சத்திரம், மேக்கப் இல்லாமல், மேலெல்லாம் மண்ணோடு மேடையேறுகிற மரவள்ளி.

தை, மாசியில் வந்து பாருங்கள். சரிவுச் சரிவாகக் கிழங்குக் காடு. பிடுங்குவதற்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள். குச்சியைப் பிடித்து ஆட்டி, ஒரே இழுப்பு. அடியில் கொத்தாகக் கிழங்கு. வெட்டிய குச்சியை எறிந்துவிடமாட்டார்கள். அதுதான் அடுத்த வருஷம் நடுகிற கரணை. மூட்டை கட்டித் தலையில் சுமந்து குட்டி யானை நிற்கிற இடம்வரை கொண்டுவருகிறார்கள். யானை என்றால் டாட்டா ஏஸ், பயப்படவேண்டாம். குட்டி யானை போகமுடியாத காட்டிலிருந்து பைக்கில் வரும், முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு, நடுவில் பையன் இருப்பது அவன் ஆரனடித்தால்தான் தெரியும். எல்லாம் கூட்ரோட்டில் வந்து லாரியில் ஏறுகிறது.

இங்கேதான் பரபரப்பு. மரவள்ளி பார்க்கத்தான் கரடு முரடு. மண்ணைவிட்டு எடுத்து இரண்டு மூன்று நாள் போனால் உள்ளே நீலக்கோடு விழுந்து கெட்டுப்போகும். ஆகவே பிடுங்கியது முதல் ஆலை வாசல்வரை ஓட்டப்பந்தயம். லாரி வரத் தாமதமானால் வியாபாரி போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று கத்துவார். அந்தப் பாறைக்கு மேல் நின்று பேசப்பட்ட பொய்களைத் தொகுத்தால் ஒரு நாவல் தேறும். "வந்துட்டேன்ணே, கருமந்துறை தாண்டிட்டேன்." பின்னணியில் ஆத்தூர் பஸ் ஸ்டாண்டு சத்தம் கேட்கும்.

ஆலை வாசலில் அடுத்த பதற்றம். கிழங்கை எடைக்கு மட்டும் வாங்குவதில்லை, பாயிண்டுக்கு வாங்குகிறார்கள். ஒரு கூடை மாதிரியை எடுத்துத் தண்ணீருக்குள் அமுக்கி எடை பார்ப்பார்கள். மாவுச்சத்து அதிகமுள்ள கிழங்கு தண்ணீரிலும் கனமாக நிற்கும். முள் காட்டுகிற இடம்தான் பாயிண்ட். 25 பாயிண்டா, 28 பாயிண்டா என்பதில் ஒரு வருஷத்துப் பாடு இருக்கிறது. ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று விலை. அந்த முள் நின்று ஆடி அடங்குகிற வரைக்கும் விவசாயி மூச்சு விடமாட்டார். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட இத்தனை பேர் இவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். மழை பெய்தால் பாயிண்ட் குறையும், மண் ஒட்டியிருந்தால் கழிப்பார்கள், சந்தேகப்பட்டால் சண்டை. பாயிண்டை விவசாயியும் பார்க்கிற மாதிரி எல்லா ஆலையிலும் வைத்தால் பாதிச் சண்டை குறையும் என்பது என் கட்சி.

ஆலைக்குள் போய்விட்டால் கிழங்குக்கு அடையாளமே மாறிவிடும். தோலுரித்து, கழுவி, அரைத்து, சலித்து, மாவுப்பால் எடுத்துத் தொட்டியில் தெளியவைக்கிறார்கள். பாயசத்துக்குப் பால் எங்கே என்று யாராவது கேட்டால், இதோ! அடியில் படிந்த ஈரமாவைத் தொட்டிலில் குலுக்கிக் குலுக்கி முத்தாக்கி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. சேலத்தில் இது தொடங்கியதே யுத்தத்தின் புண்ணியத்தில். இரண்டாம் உலகப்போரில் கிழக்கிலிருந்து கப்பல் வராமல் ஜவ்வரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1943 வாக்கில் சேலத்து மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவிலேயே செய்து பார்த்தார். பிறகு ஊரே செய்தது. 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. வடநாட்டில் நவராத்திரி விரதத்துக்கு சாபுதானா கிச்சடி சாப்பிடுகிறவர்கள், அதில் ஒரு கை வெள்ளிமலைக் கூட்ரோட்டில் லாரி ஏறியதாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

இப்போது ரகசியத்துக்கெல்லாம் ரகசியம் ஒன்று சொல்கிறேன், காதைக் கொடுங்கள். இந்த மலையையே காப்பாற்றியது ஒரு குளவி!

மரவள்ளி நம்மூர்ச் செடி இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பினார், அப்படியே நம் பக்கமும் வந்தது. செடி வந்து வெகுகாலம் கழித்து, 2020 வாக்கில் அதன் பங்காளியும் வந்து சேர்ந்தது: மரவள்ளி மாவுப்பூச்சி. அதுவும் தென்னமெரிக்காதான். சேலம், நாமக்கல், கள்ளக்குறிச்சி என்று நுனிக் குருத்தெல்லாம் சுருண்டு, வெள்ளை பூத்து, காடு காடாகப் படுத்துவிட்டது. மருந்தடித்துத் தீரவில்லை. இதே பூச்சி 1970களிலேயே ஆப்பிரிக்காவில் புகுந்து பஞ்சம் வரும் என்கிற நிலைக்குக் கொண்டுபோயிருந்தது. அப்போது ஹான்ஸ் ஹெரென் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி இதற்கு எதிரியைத் தென்னமெரிக்காவிலேயே தேடிப்பிடித்துக் கொண்டுபோய் ஆப்பிரிக்காவில் விட்டார். அனாகைரஸ் லோபசி என்று பெயர், எறும்பைவிடச் சின்னக் குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தபடியே பூச்சியைத் தின்றுவிட்டு வெளியே வரும். சினிமா வில்லனுக்குக்கூட இந்த யோசனை வராது. அதற்காக 1995இல் ஹெரெனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அந்தக் குளவியைத்தான் பெங்களூரிலுள்ள வேளாண் பூச்சிகள் ஆய்வகத்தார் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தார்கள். 2022இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னால் பறக்கவிட்டார்கள். ஏத்தாப்பூர் எங்கே இருக்கிறது? சேலம் பக்கம், நம் மலையின் காலடியில். செடியும் தென்னமெரிக்காவிலிருந்து, பூச்சியும் அங்கிருந்து, பூச்சியைத் தின்கிற குளவியும் அங்கிருந்து. ஆண்டிஸ் மலைக்கு அந்தப்புறத்துக் குடும்பச் சண்டை ஒன்று கல்வராயனில் வந்து தீர்ந்திருக்கிறது!

அந்த ஊர்ப்பக்கமும் இப்படி ஒரு கூட்ரோடு உண்டு. பொலிவியாவில் படகாமாயா. கடல்மட்டத்துக்கு 3,700 மீட்டருக்கு மேல் உயரம். லா பாஸிலிருந்து தெற்கே போகிற பெரிய சாலையில், சிலி நாட்டுத் துறைமுகத்துக்கு ஒரு ரோடு பிரிகிற இடம். நாள் முழுக்க லாரி, லாரி ஓட்டுகிறவர்களுக்குச் சாப்பாடு, டயர் கடை. நம் மலையின் உச்சியே அதன் பாதி உயரத்துக்கு வராது. ஆனால் லாரி ஓட்டுநர் கேட்கிற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "மேல மழையா?"

மாலை நான்கு மணி. வெள்ளிமலையில் கடைசி லாரி நிரம்பிக்கொண்டிருக்கிறது. மூட்டை தூக்குகிறவர்களில் பெண்கள் நிறைய. இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, "ஏலே" என்று ஒரு வீச்சு, மேலே நிற்கிறவர் ஏந்திக்கொள்கிறார். தாளம் தப்பினால் மூட்டை தலையில். பேச்செல்லாம் வேறு எதையோ பற்றி: யார் வீட்டுக் காதுகுத்து, ரேஷனில் பருப்பு வந்துவிட்டதா, யார் மகள் நர்சிங் சேர்ந்தாள். கை மட்டும் ஓயாது. நான் ஒரு ஓரமாக நின்று, எந்த மூட்டை எந்தக் காட்டுடையது என்று கணக்குப்பிள்ளை சுண்ணாம்புக் கட்டியால் போடுகிற கிறுக்கலைப் படிக்கமுடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடியாது. அது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரிந்த எழுத்து. ஆனால் ஆலை வாசலில் ஒரு மூட்டைகூட மாறாதாம்.

பார்த்துக்கொண்டே நின்றதில் ஒரு ஜோடியில் ஒருத்தர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டதைக் கவனிக்கவில்லை. மற்றவர் என்னைக் கவனித்துவிட்டார்.

"காலைலேர்ந்து நின்னு நின்னு பாக்குறீங்களே. எழுதறதெல்லாம் ராத்திரிக்கு எழுதிக்கலாம், இப்ப இந்த முனையைப் புடிங்க. முதுகை வளைக்காதீங்க, காலை மடக்குங்க. ம், ஏலே!"